தீர்க்கதரிசி இன்னும் உண்டா?



சங்கரன்கோவில்காரர்களுக்குத் தெய்வ வழக்கு புதிதல்ல. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கனும் பதுமனும் மல்லுக்கு நின்ற ஊர் இது. கோமதி அம்மனின் தவத்துக்கு இரங்கி இறைவனே சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்து வழக்கைத் தீர்த்தார் என்கிறது தலபுராணம். ஆடித்தபசு அன்று ஊரே திரண்டு அதைப் பார்க்கிறது. ஆனால், "எனக்கு மட்டும் காட்சி கிடைத்தது" என்று ஒரு மனிதர் வந்து சொன்னால், அந்த வழக்கை யார் தீர்ப்பது? மார்மன்களுக்கும் மற்றக் கிறிஸ்தவர்களுக்கும் இடையே ஏறக்குறைய 200 ஆண்டுகளாக இழுபடுவது அந்த வழக்குதான்.

1820இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஜோசப் ஸ்மித் என்ற 14 வயதுப் பையனுக்குப் பிதாவும் குமாரனும் தனித்தனி உருவமாகத் தோன்றினார்கள் என்பது மார்மன்களின் விசுவாசம். 1830இல் மார்மன் புஸ்தகம் வெளிவந்தது. அதே ஆண்டில் சபையும் பிறந்தது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை என்பதே அதன் முழுப்பெயர்.

பெரும்பாலான மற்றச் சபைகள் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்று அறிக்கையிடுகின்றன. குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று 325இலேயே நிசேயா சங்கம் வரையறுத்துவிட்டது. மார்மன்களுக்கோ மூவரும் தனித்தனி ஆட்கள், நோக்கத்தில் மட்டும் ஒன்றானவர்கள். அவர்களும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால்தான் ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். ஆனாலும் 2001இல் வத்திக்கான் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. சொல் ஒன்றாக இருந்தும் நம்பிக்கை வேறு என்பதே காரணம்.

அதைவிடச் சிக்கலானது தீர்க்கதரிசி விஷயம். மார்மன் சபைத் தலைவர் வெறும் நிர்வாகி அல்லர். மோசேயைப் போல உயிரோடிருக்கும் தீர்க்கதரிசி. 1890இல் ஒரு தலைவர் பலதார மணத்தைக் கைவிடச் சொன்னார், சபை படிப்படியாக அதிலிருந்து விலகியது. கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் கிடையாது என்றிருந்த தடை 1978இல் வெளிப்பாடு வந்தது என்ற அறிவிப்போடு நீங்கியது. அவ்வளவு காலம் அந்தத் தடை இருந்ததே என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தைக் காட்டி, "இதோடு எதையும் கூட்டக்கூடாது என்று எழுதியிருக்கிறதே" என்பார்கள் மற்றவர்கள். "உபாகமத்திலும் அதே எச்சரிப்பு உண்டு. அதற்குப் பிறகு எத்தனை தீர்க்கதரிசிகள் வந்தார்கள்!" என்பார்கள் மார்மன்கள். இந்தப் பதிலைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது.

மார்மன் ஊழியர்கள் 1853லேயே சென்னையில் கப்பலிறங்கினார்கள். ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் துண்டுப்பிரதிகளும் ஒரு பத்திரிகையும் அச்சிட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டே திரும்பிவிட்டார். ஆனால் தீர்க்கதரிசி இன்னும் உண்டா என்று அவர்கள் எழுப்பிய கேள்வி, அவர்கள் துணையில்லாமலே நம் பக்கத்தில் முளைத்தது. இங்கிருந்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டினால் வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை. பாளையங்கோட்டையில் ரேனியஸ் என்ற மிஷனரியிடம் படித்த அருளப்பன் என்பவர், வெளிநாட்டு மிஷன் சம்பளம் வேண்டாமென்று ஊழியம் செய்த இடம். 1860இல் அங்கே பெரிய எழுப்புதல். ஆணும் பெண்ணும் அந்நியபாஷை பேசினார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள். மிஷனரிகளில் சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் சந்தேகப்பட்டார்கள்.

அருளப்பன் வழிவந்த ஊழியக்காரர்கள் மூலம் அந்த அனல் திருவிதாங்கூருக்கும் போனது. அங்கே தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, ஆங்கிலிக்கன் குருவாக இருந்த ஜஸ்டஸ் ஜோசப் தலைமையில் ஒரு கூட்டம் பிரிந்தது. 1881இல் கிறிஸ்து வருவார் என்று அவர்கள் அறிவித்தார்கள். நாளும் வந்தது, போனது. பலர் பழைய சபைக்குத் திரும்பினார்கள். மிஞ்சியவர்கள் யுயோமயம் என்ற தனிச் சபையானார்கள்.

இன்றும் நம் ஊர்களின் உபவாசக் கூட்டங்களில், "கர்த்தர் சொல்லுகிறார்" என்று ஒருவர் எழுந்து சொன்னால் ஆமென் சொல்கிறோம். ஜோசப் ஸ்மித்தை மறுப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். கூட்டத்தில் சொன்ன வார்த்தை அதைக் கேட்டவர்களோடு நின்றுவிடுகிறது, மார்மன்களோ தங்கள் தீர்க்கதரிசியின் வார்த்தையை வேதமாக எழுதி உலகமெங்குமுள்ள சபையைக் கட்டுப்படுத்துகிறார்கள். வித்தியாசம் பெரியதுதான். ஆனாலும், "இதைச் சோதித்தது யார்? நிறைவேறாவிட்டால் யார் பொறுப்பு?" என்ற கேள்வியை மார்மன்களிடம் கேட்கிற அதே கண்டிப்போடு நம் வீட்டு முற்றத்திலும் கேட்க வேண்டும். வேறொருவருடைய கல்யாணமும் வைத்தியமும் அந்த ஒரு வார்த்தையால் முடிவாகிறதே.