மோட்டார் தானாக நின்றால்...



போன கோடையில் நம் போர் மோட்டார் அடிக்கடி ட்ரிப் ஆனது நினைவிருக்கும். "ரிலேயை எடுத்துவிட்டு டைரக்டாகக் கொடுங்கள்" என்றவர்களில் நானும் ஒருவன். நான்காம் நாள் காயில் கருகிவிட்டது. பிறகு பார்த்தால், பேனலில் ஒரு பேஸ் வயர் லூஸ். ஒரு ஸ்க்ரூவை முடுக்கியிருந்தால் போதும்!

மூன்று பேஸ் மோட்டார் ஓடும்போது ஒரு பேஸ் போனால், மற்ற இரண்டிலும் சுமார் 1.7 மடங்கு கரண்ட் ஏறும். காயில் சூடாகிக் கருகுவதற்குள் நிறுத்தத்தான் ஓவர்லோட் ரிலேயும் சிங்கிள் பேஸிங் பிரிவென்டரும் இருக்கின்றன. போரில் தண்ணீர் இறங்கினால் நிறுத்துவது டிரை ரன் பிரிவென்டர். சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர வைப்பதே சுற்றியுள்ள தண்ணீர்தானே!

புதிய பேனலில் இம்மூன்றும் உள்ளன. ரிலேயில் வைக்கும் அளவு, நேம் பிளேட்டில் உள்ள ஆம்பியரை ஒட்டியே இருக்கட்டும். ட்ரிப் ஆகிறதென்று கூட்ட வேண்டாம். காரணம் தெரியாமல் ரீசெட்டை அழுத்திக்கொண்டே இருக்கவும் வேண்டாம்.

இனி மோட்டார் நின்றால் வாட்ச்மேனை அவசரப்படுத்தாதீர்கள்; எலக்ட்ரீஷியன் வரட்டும். ஒரு மணி நேரம் பொறுத்தால், ஒரு வாரம் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டாம்.