ஆவேசத்திற்கும் செயலுக்கும் இடையே



கரிசல் வெடித்துக் கிடக்கும் கோடையிலும், கண்மாய் நிறையாத ஐப்பசியிலும் மனம் தளராது வெள்ளாமை செய்து பழகிய அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார மக்களின் முன்னிலையில் இவ்வறக்கட்டளைச் சொற்பொழிவை நிகழ்த்துமாறு பணிக்கப்பட்டபோது, நம் வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு பேசப்படும் ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்வதென நிச்சயித்தேன். கண்மண் தெரியாமல் கோபம் கொண்டு கையில் கிடைத்ததை வீசுகிறவன், நேற்றுத் தெய்வமாய்ப் போற்றிய ஒருவரை இன்று பரம சத்துருவாய் எண்ணுகிறவள், கைவிட்டுவிடுவார்களோ என்ற பீதியில் தன் உடம்பையே வருத்திக்கொள்ளும் இளம்பெண் ஆகிய இவர்களைக் குறித்து, ‘பிறவிக் குணம், மாறாது’ என்று நாம் தலைமுறை தலைமுறையாய் வழங்கிவரும் தீர்ப்பு பிழையானது என்பதே நான் சொல்ல வந்தது.

கோபக்காரர் எல்லாரும் நோயாளிகள் அல்லர். புத்தி தெளிவாயிருந்தும், உணர்ச்சியும் உறவும் இளமை தொட்டே கோணலாய்ச் சென்று, எங்கே போனாலும் தமக்கும் பிறர்க்கும் துன்பமாகவே முடியும் நிலையைத்தான் வைத்தியர்கள் ஆளுமைக் கோளாறு என்கின்றனர். பிறவியிலேயே அமைந்த மென்மையான மனமும், சிறுவயதில் பட்ட அடியும் அவமதிப்பும் சேர்ந்து பலரிடம் இது விளைகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைப்படுத்திய வகைப்பாடு, இதனைப் பற்பல பெயர்களாய்ப் பிரித்த பழைய முறையை விட்டு, துன்பத்தின் தீவிரத்தையே முதல் அளவுகோலாய்க் கொண்டிருப்பது நல்ல மாற்றமென்றே கருதுகிறேன்.

மாறாது என்போர்க்கு விடை அமெரிக்காவில் மேரி ஜனாரினி நடத்திய நீண்ட ஆய்வில் கிடைக்கிறது. இதில் உணர்ச்சி நிலைகொள்ளாத வகைக் கோளாற்றுடன் மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தபோது, பதின்மரில் ஒன்பதின்மருக்கு மேல் இரண்டாண்டுகளேனும் நோய்க்குறிகள் நீங்கப் பெற்றிருந்தனர். ஆயினும் தொழிலிலும் உறவிலும் நன்கு நிலைபெற்றோர் ஏறத்தாழப் பாதிப்பேரே. குறி நீங்குவது வேறு, வாழ்வு அமைவது வேறு. பின்னதற்கு ஊரும் உறவும் துணைநிற்க வேண்டும். இக்கோளாற்றுக்கென ஒரு சிகிச்சை முறையை வகுத்து 1993இல் நூலாக்கிய மார்ஷா லினஹன், தாமே பதினேழாம் வயதில் மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தவர் என்பதை 2011இல் உலகறியச் சொன்னார். எழும் உணர்ச்சியை அதன் வழியே போகவிடாமல் சற்று நின்று கவனிக்கும் பயிற்சி அம்முறையின் அங்கங்களுள் ஒன்று. 1879இல் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி, எழும் எண்ணம் யாருக்கு எழுந்தது என்று விசாரிக்கச் சொன்னதை அறிந்த நமக்கு இது அந்நியமாய்த் தோன்றாது. ஆனால் விசாரத்தைக் காட்டி வைத்தியத்தைத் தள்ளிப்போடுதல் தகாது.

நம் மண்ணில் ஆவேசத்தைக் கொடிதாக்குவது, கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இருப்பதே. பருத்திக்கு அடித்து மிஞ்சிய பூச்சிமருந்து, மூடி சரியாய்த் திருகாத புட்டியில், இறவானத்திலோ மாடக்குழியிலோ, சீப்புக்கும் தீப்பெட்டிக்கும் அருகே இருக்கக் காண்கிறோம். அதை நாடுவோர் யாவரும் ஆளுமைக் கோளாறுடையோர் அல்லர். பலர் ஒரு நாழிகைச் சண்டையின் வேகத்தில் கை நீட்டுகிறவர்கள். அந்த நாழிகை கடந்தால் பிழைத்து வாழக்கூடியவர்கள். இலங்கையில் 1995இல் லட்சத்துக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் மாண்டனர். மிகக்கொடிய பூச்சிமருந்துகள் அவ்வாண்டிலும், எண்டோசல்பான் 1998இலும் தடைசெய்யப்பட்டபின், 2005க்குள் அவ்விகிதம் ஏறத்தாழப் பாதியாயிற்று. மனிதரின் சுபாவம் பத்தாண்டில் மாறிவிடவில்லை. கைக்கு எட்டியது எட்டாமற் போயிற்று, அவ்வளவே. சென்னையில் 1986இல் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தோற்றுவித்த டாக்டர் லட்சுமி விஜயகுமார், காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் பூச்சிமருந்தை வீட்டில் வையாது, ஊர்ப்பொதுவில் பூட்டிய பெட்டிகளில் வைக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு உள்ளானவராகவே கொண்டு, தண்டனையினின்று விலக்கி, அவர்க்குச் சிகிச்சையளிக்கும் பொறுப்பை அரசின்மேல் வைத்தது. ஆகவே போலீசுக்கு அஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்க வேண்டியதில்லை. 14416 என்ற மனநல உதவித் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். இவ்வட்டாரத்துக் கூட்டுறவுச் சங்கங்கள், உரமூட்டை அடுக்கும் கிட்டங்கியின் ஒரு மூலையில், சம்சாரிக்கு ஒன்றாகப் பூட்டுப்போட்ட பெட்டிகள் வைத்து, மருந்தடிக்கும் நாளன்று மட்டும் திறந்து கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டுமென இச்சபையின் மூலம் விண்ணப்பித்துக்கொள்கிறேன். வருகிற புரட்டாசி விதைப்புக்குள் ஒரு கிராமத்திலேனும் இது தொடங்கப்பெறல் வேண்டும்.