காயம் பட்டவரே கதவைத் திறக்கட்டும்



கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம். வேலையிடத்தில் அவமானம் நேர்ந்தால் வேறு வேலை தேடலாம். ஆறுதல் தேடிப் போன தேவாலயத்திலேயே மனம் நொந்தால் எங்கே போவது? வெளியே பட்ட புண்ணுக்கு உள்ளே மருந்து கிடைக்கும் என்று நம்பித்தானே மனிதன் ஆலயத்துக்கு வருகிறான்! அதனால்தான் அங்கே படும் காயம் ஆழமாக இறங்குகிறது.

ரப்பர், செம்பனை, அன்னாசித் தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த பொந்தியான் போன்ற ஊர்களில் இது இன்னும் கடினம். ஞாயிற்றுக்கிழமை முகத்தைத் திருப்பிக்கொண்டவரைத் திங்கட்கிழமை சந்தையில் பார்த்தாக வேண்டும். மனத்தாங்கலில் ஒரு குடும்பம் நின்றுவிட்டால், சிறிய சபையில் ஒரு வரிசையே காலியாகிவிடும்.

காரணங்கள் பெரும்பாலும் சிறியவைதாம். மலாய்ப் பள்ளியில் படித்த இளைஞன் தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தை வாசிக்கத் தடுமாறினால் ஒரு சிரிப்பு. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவரிடம், "நீங்க எந்த ஆளுங்க?" என்று ஒரு விசாரணை. வசதியுள்ளவருக்கு முன்வரிசை, இல்லாதவருக்குக் கதவோரம். இந்தக் கடைசிக் குற்றத்தை யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரமே கண்டிக்கிறது. அத்தனை பழைய நோய் இது!

இத்தகைய அவமதிப்பைத் திருச்சபைக்குள்ளேயே கண்ட ஒரு தமிழர் என்ன செய்தார்? அவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் திருநெல்வேலிச் சீமையில், வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1910 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. வந்திருந்த சுமார் 1,200 பேராளர்களில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. அந்த மேடையில் 35 வயது அசரியா மனம் திறந்து பேசினார். வெள்ளைக்கார மிஷனெரிகளின் தியாகத்தை முதலில் பாராட்டினார். ஆனால் அவர்கள் இந்திய ஊழியர்களைச் சமமாக நடத்திப் பழகுவதில்லை என்பதையும் மறைக்கவில்லை. எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டு முடித்தார். அரங்கில் சிலர் கோபம் கொண்டார்கள். சிலருக்குக் கண் திறந்தது.

அவர் பழி தூற்றவில்லை. சபையை விட்டு விலகவுமில்லை. வாய்மூடிக் கிடக்கவுமில்லை. தாழ்மை என்றால் ஊமையாக இருப்பது என்று யார் சொன்னது?

1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். பதவி வந்ததும் பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்ள நினைத்தாரா? இல்லை. தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் என்னும் சிற்றூரில் தங்கி, மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சென்றார். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மாலா, மாதிகா மக்கள் ஆயிரக்கணக்கில் சபைக்கு வந்தார்கள். ஆனால் அந்த இரு சாராரும் ஒருவரையொருவர் ஒதுக்கினார்கள்! மிதிபட்டவனும் தனக்குக் கீழே ஒருவனைத் தேடுகிறான், வேதனை அதுதான். இருவரையும் ஒரே சபையாக்க அசரியா பாடுபட்டார். பிரிந்து கிடந்த சபைகளை இணைக்க 1919இல் தரங்கம்பாடியில் நடந்த கூட்டத்திலும் முன்னின்றார். அந்த முயற்சி 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாகக் கனிந்தது. அதைக் காண அவர் இல்லை. 1945 ஜனவரி முதல் நாளே மறைந்துவிட்டார்.

நேயர்களே, மனம் நொந்தவர்களுக்கு மத்தேயு 18ஆம் அதிகாரம் ஒரு வழி காட்டுகிறது. முதலில் குற்றம் செய்தவரிடம் தனியாகப் போய்ச் சொல்லவேண்டும். கேட்காவிட்டால் ஓரிருவரை அழைத்துப் போகவேண்டும். அதற்கும் இணங்காவிட்டால்தான் சபையிடம் சொல்லவேண்டும். நடப்பதோ தலைகீழ்! ஊரெல்லாம் பேசி முடித்த பிறகு, சம்பந்தப்பட்டவரின் காதுக்குக் கடைசியில் போகிறது.

சொல்லிவிட்டால் மட்டும் காயம் முழுதும் ஆறிவிடாது. கதவோரம் நிறுத்தப்பட்டதன் வலி, நின்றவருக்குத்தான் தெரியும். ஆகவே, புதிதாக வருபவரை வரவேற்க அவரைவிடத் தகுதியானவர் யார்? அடுத்த ஞாயிறு தயங்கித் தயங்கி உள்ளே வருபவருக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டு, பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்து, வழிபாடு முடிந்ததும் ஒரு தேநீருக்கு அழைத்துப் போகட்டும். புண்படுத்தியவர்களும் அதைப் பார்ப்பார்கள், வெட்கப்படுவார்கள், திருந்தவும் கூடும்.