ரயில் ஓடாத ரயில் பாதையில்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஸ்பெயினில் தனியாக சைக்கிளில் சுற்றியதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "காளைச் சண்டை பார்த்தீங்களா அண்ணே?" என்று வாசலிலேயே ஒரு தம்பி கேட்டுவிட்டார். பார்க்கவில்லை. ஆலிவ் மரமும், பிணந்தின்னிக் கழுகும், சுரங்கப் பாதையும்தான் பார்த்தேன்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் மூன்று வருஷம் வேலை பார்த்த ஒரு பாலம் பாதியில் கைவிடப்பட்டது. தூண் நிற்கிறது, மேலே ஒன்றும் இல்லை. பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இந்தத் தொழிலே வேண்டாமோ என்றுகூடத் தோன்றியது. அப்போதுதான் தென் ஸ்பெயினில், கட்டி முடிக்காத ஒரு ரயில் பாதையில் ஜனங்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்று படித்தேன். லீவு போட்டேன், கிளம்பினேன். ஏப்ரல் மாதம். கோடையில் அங்கே 40 டிகிரியைத் தாண்டும். நம்ம ஊர் ஆளுக்கே தாங்காது.

செவில் நகரிலிருந்து தென்கிழக்கே இரண்டு நாள். சாலையில் ஒரு விஷயம் ஆச்சரியம். சைக்கிளைத் தாண்டும் வண்டி குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது அங்கே சட்டம். எதிரே வண்டி வந்தால் பெரிய லாரிகூட ஹாரன் அடிக்காமல் என் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு மேல் கிராமத்தில் கடை அடைத்துவிடுவார்கள். அதற்குள் ரொட்டி வாங்காவிட்டால் சாயங்காலம் வரை பட்டினி.

புவெர்த்தோ செரானோ என்ற ஊரில் அந்தப் பாதை தொடங்குகிறது. ஒல்வேரா வரை சுமார் 36 கிலோமீட்டர். அதற்குள் 30 சுரங்கம், 4 பெரிய பாலம்! ஹெரெஸ் நகரை உள்நாட்டோடு இணைக்க 1920களில் ஆரம்பித்த வேலை. மலையைக் குடைந்தார்கள், பாலம் கட்டினார்கள், ஸ்டேஷன்கூடக் கட்டினார்கள். பிறகு பணத்தட்டுப்பாடு, 1936இல் உள்நாட்டுப் போர். தண்டவாளம் போடவே இல்லை. ஒரு ரயில்கூட ஓடவில்லை.

சிவில் படித்தவர்களுக்குத் தெரியும், ரயில் பாதையில் ஏற்றம் நூற்றுக்கு இரண்டைத் தாண்டுவது அரிது. புத்தகத்தில் படித்தபோது அது வெறும் எண். பின்னால் இருபது கிலோ மூட்டையோடு மிதிக்கும்போது முழங்கால் அதைப் புரியவைத்தது. முந்தின நாள் சாலையில் மேடு வந்த இடத்திலெல்லாம் இறங்கித் தள்ளினேன். இங்கே மலைக்குள்ளேயே போகிறேன், மூச்சு வாங்கவில்லை. எவனோ ஒரு சர்வேயர் அத்தனை வருஷத்துக்கு முன்னால் லெவல் பார்த்து வைத்தது, என் காலுக்கு வந்து சேர்ந்தது. நீளமான சுரங்கம் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். உள்ளே நல்ல குளிர். நடுவில் நின்று சுவரைத் தடவிப் பார்த்தேன். வேலை சுத்தமாக இருந்தது.

சஃப்ராமகோன் பாறைக்குப் பக்கத்தில் பழைய ஸ்டேஷன் ஒன்று இருக்கிறது. அந்தப் பாறையில் பெரிய கழுகுக் கூட்டம். இறக்கை விரித்தால் இரண்டரை மீட்டர். ஸ்டேஷன் இப்போது கழுகு பார்க்க வருகிறவர்களுக்கான மையம்.

இன்னொரு ஊரில் காப்பிக் கடையில் ஒரு பெரியவர். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் கொஞ்சம், மீதி கை ஜாடை. அவர் அப்பா அந்தச் சுரங்கத்தில் பாறை உடைத்தவராம். சம்மட்டி அடிப்பதுபோல் நடித்துக் காட்டினார். "ரயில் வரவில்லையே, வருத்தப்பட்டாரா?" என்று கேட்டேன். சாகும்வரை வரும் என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். காப்பிக்குக் காசு கொடுக்க என்னை விடவில்லை.

இப்போது சைக்கிள் பாதையாகிவிட்டது, எல்லாம் நன்மைக்கே என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த அப்பாவுக்கு அது பதில் இல்லை. ஆனால் சுவர் கோணலாக இருந்திருந்தால் சைக்கிள்கூட ஓடியிருக்காது. அதை நினைத்தபடிதான் ஒல்வேரா ஏறினேன். ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் கடைசி ஏற்றம், ஐயோ! மறுபடியும் தள்ளினேன்.

ரயில் ஓடாத, ரயில் நின்றுபோன பாதைகளைச் சைக்கிளுக்கு விடும் திட்டம் அங்கே 1993இல் தொடங்கியது. இன்று 3,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. 1985 வரை ஆலிவ் எண்ணெய் ஏற்றிப் போன ரயிலின் பாதை மட்டும் 128 கிலோமீட்டர். அதையும் மூன்று நாளில் முடித்துவிட்டுத்தான் திரும்பினேன்.

போக நினைக்கும் தம்பிகளே, தங்கைகளே, நல்ல டார்ச் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்; எல்லாச் சுரங்கத்திலும் விளக்கை நம்ப முடியாது. பஞ்சர் ஒட்ட இங்கேயே கற்றுக்கொண்டு போங்கள். மற்றதைச் சாப்பாட்டு நேரத்தில் கேளுங்கள், சொல்கிறேன்.