விடுமுறைக்குப் போக ஒரு வீடு

(ஆதரவாளர்களின் ஆண்டுக் கூடுகையில், நமது செவிலியர் பள்ளியின் ஓய்வுபெற்ற ஆசிரியை ஆற்றிய உரை. வாசிப்புக்கேற்பச் சிறிது சுருக்கப்பட்டுள்ளது.)



இல்லங்களில் வளர்ந்து, பின்பு நன்றாக வாழ்ந்தவர்களைக் குறித்துப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். மகிழ்ச்சியான நாலைந்து சாட்சிகளைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் என் தவறு ஒன்றைச் சொல்லாமல் மற்றவற்றைச் சொல்ல மனது இடங்கொடுக்கவில்லை.

நான் கற்பித்துக்கொண்டிருந்த நாட்களில், குழந்தைகள் இல்லம் ஒன்றிலிருந்து ஒரு பெண் நமது பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்தாள். நல்ல பிள்ளை. கட்டில் விரிப்பதில் தொடங்கி ஊசி போடுவது வரைக்கும் அவள் கையில் ஒரு நேர்த்தி இருந்தது. டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் டியூட்டி பட்டியல் போடுகிறவர்களுக்குப் பெரும்பாடு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எல்லாருக்கும் லீவு வேண்டும். இவள் மட்டும், "நான் இருக்கிறேன் மிஸ், என்னைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்பாள். இரண்டு கிறிஸ்துமஸ் அப்படிப் போயிற்று. காலை ஜெபத்தில் எல்லா மாணவிகளுக்கும் முன்பாக அவளை நிறுத்தி, தியாகத்துக்கு முன்மாதிரி என்று நான் மெச்சினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தாழ்மை என்று நினைத்தேன்.

மூன்றாம் வருஷம் ஹாஸ்டல் வார்டன் என்னைத் தனியே அழைத்து ஒரு தாளைக் காட்டினார். அவளுடைய லீவு விண்ணப்பம் அது. "செல்லுமிடம்" என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. விசாரித்த பிறகே தெரிந்தது. முதல் வருஷமே அவள் தான் வளர்ந்த இல்லத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். பதினெட்டு வயது முடிந்துவிட்டது, உன் கட்டில் வேறொரு பிள்ளைக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்திருக்கிறது. இல்லத்தாரை நான் குறை சொல்லவில்லை. வாசலில் காத்திருந்த இன்னொரு சிறுமிக்குத்தானே கொடுத்தார்கள்! ஆனால் போக இடமில்லாமல் வார்டில் நின்ற பிள்ளையை நான் தியாகி என்று அழைத்தேனே, அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

அந்த வருஷம் அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனேன். தண்ணீர் குடிப்பதற்குக்கூட அனுமதி கேட்டாள். முறுக்குச் சுடும்போது பக்கத்தில் வந்து நின்றாள், உட்காரச் சொன்னால்தான் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள்தான் யாரையும் கேளாமல் பானையில் மொண்டு குடித்தாள். என் தாயார் அதைக் கவனித்து எனக்குக் கண் காட்டினார்கள்.

இனி சாட்சிகளுக்கு வருகிறேன்.

முதலாவது ஒரு வார்த்தை. "அநாதை" என்று நாம் எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம். நமது நாட்டு இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் அநேகருக்குத் தாயாவது தகப்பனாவது உயிரோடிருக்கிறார்கள். வறுமைதான் பிரிக்கிறது. கேரளத்து மலப்புறம் மாவட்டத்தில் பிறந்த முகமது அலி ஷிஹாப் என்பவரின் தகப்பனார் 1991இல் காலமானார். தாயாரால் பிள்ளைகளுக்கு ஆகாரம் கொடுக்க முடியவில்லை. பையனைக் கோழிக்கோடு மாவட்டத்து முக்கம் அநாதை இல்லத்தில் சேர்த்தார். அங்கே பல வருஷங்கள் வளர்ந்த அந்தப் பையன், பின்பு சிறு சிறு வேலைகள் பார்த்துக்கொண்டே படித்து, 2011ஆம் ஆண்டுக்குரிய குடிமைப் பணித் தேர்வில் வெற்றி பெற்று, நாகாலாந்து மாநிலப் பிரிவில் ஐ.ஏ.எஸ். அதிகாரியானார். இல்லம் ஒரு பிள்ளைக்கு ஒழுங்கையும் படிப்பையும் கொடுக்க முடியும் என்பதற்கு அவர் அத்தாட்சி. அதோடு, அவருக்கு ஒரு தாயார் இருந்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஐ.ஏ.எஸ். ஆனவர்களின் படத்தை எல்லாரும் ஆவலோடு அச்சிடுகிறோம். வேளாவேளைக்கு வேலைக்குப் போய், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வாடகையைத் தவறாமல் கொடுத்து வாழ்கிறவர்களின் படத்தை ஒருவரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், அவர்களும் செழித்தவர்களே.

நமக்கு அருகிலுள்ள டோனாவூரை நீங்கள் அறிவீர்கள். 1901 மார்ச்சில், கோவிலுக்கு ஒப்புக்கொடுக்கப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி, பண்ணைவிளையிலிருந்த எமி கார்மைக்கேல் அம்மையாரிடம் வந்து சேர்ந்தாள். அப்படித் தொடங்கிய குடும்பம் டோனாவூரில் வேரூன்றியது. 1895இல் இந்தியாவுக்கு வந்த அம்மையார் 1951இல் மரிக்கும் வரைக்கும் ஒரு தடவைகூட தாய்நாட்டுக்கு லீவில் போகவில்லை. அங்கே பிள்ளைகள் அவரை அம்மா என்றார்கள். பராமரிக்கிற மற்றவர்கள் சித்திமார், அக்காள்மார், அண்ணாச்சிமார். பிறந்த நாள் தெரியாத பிள்ளைகளுக்கு, வந்து சேர்ந்த நாளே பூக்களோடு கொண்டாடப்பட்டது. வளர்ந்த பெண்களே பின்பு அக்காள்மாராகி, சிறு பிள்ளைகளை வளர்த்தார்கள். அங்குள்ள மருத்துவமனையில் செவிலியராய்ப் பணி செய்தவர்களும் உண்டு. வயதைக் காட்டி வெளியே அனுப்புகிற பேச்சு அங்கே இல்லை. அக்காலத்து முறைகள் யாவும் இன்றைக்குப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. முடிந்தமட்டும் பிள்ளையைக் குடும்பத்திலேயே வைக்க வேண்டும் என்பதுதான் இன்றைய சட்டத்தின் நோக்கம், அது நல்லதும்கூட. ஆயினும் அக்காள் என்று அழைக்க ஒருவர் இருப்பதும், வந்த நாளை நினைவில் வைக்க ஒருவர் இருப்பதும் எந்தக் காலத்திலும் பழசாகிவிடாது.

இங்கிலாந்திலிருந்து ஒரு மனிதரைக் குறித்துச் சற்று விரிவாய்ச் சொல்ல விரும்புகிறேன். லெம்ன் சிசே என்பது அவருடைய பெயர். அவருடைய தாயார் எத்தியோப்பியாவிலிருந்து படிக்க வந்த இளம்பெண். 1967இல் குழந்தை பிறந்தது. படிப்பு முடியும்வரை குழந்தையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே தாயின் விருப்பம். தத்துக் கொடுக்க அவர் கையெழுத்திடவில்லை. ஆனால் அதிகாரி ஒருவர் பிள்ளைக்கு நார்மன் என்று வேறு பெயரிட்டு, நிரந்தரமாய் உங்களுடையவன் என்பதுபோல் ஒரு வளர்ப்புக் குடும்பத்திடம் ஒப்படைத்தார். அவர்கள் பக்தியுள்ள பாப்திஸ்துக் குடும்பத்தார். நாம் இதைக் கூச்சத்தோடுதான் கேட்க வேண்டும், ஏனெனில் பையனுக்குப் பன்னிரண்டு வயதானபோது அவர்கள் அவனை விடுதிக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன் பின்பு விடுதி மாறி விடுதி. இல்லத்தை விட்டு வெளியேறுகிற பருவத்தில்தான் அவன் கையில் பிறப்புச் சான்றிதழும், தன்னைத் திரும்பக் கேட்டுத் தாயார் 1968இல் எழுதிய கடிதமும் கொடுக்கப்பட்டன. அப்பொழுதுதான் தன் சொந்தப் பெயரை அறிந்தான். அம்ஹாரிக் மொழியில் லெம்ன் என்றால் "ஏன்" என்று அர்த்தம்.

இருபத்தோராவது வயதில் தாயாரைத் தேடிக் கண்டுபிடித்தார். கவிஞரானார். தன்னைப் பற்றிய கோப்புகளைக் கேட்டு வருஷக்கணக்காய்ப் போராடி, 2015இல்தான் அவை அவர் கைக்கு வந்தன. அதே 2015இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் வேந்தராகத் தெரிந்தெடுக்கப்பட்டு, 2022 வரை அப்பொறுப்பில் இருந்தார். விடுதியிலிருந்து வெளியேறிய பையன், பட்டமளிப்பு விழாவில் வேந்தர் அங்கி தரித்து நின்றான்!

இவ்வளவு உயர்ந்த மனிதர் 2013இல் மான்செஸ்டரில் ஒரு காரியத்தைத் தொடங்கி வைத்தார். இல்லங்களில் வளர்ந்து வெளியேறிய வாலிபருக்குக் கிறிஸ்துமஸ் நாளன்று ஒரு விருந்து. நாளடைவில் அது வேறு நகரங்களுக்கும் பரவியது. எத்தனையோ செய்திருக்கலாம், அவர் இதைத் தெரிந்துகொண்டார். அந்த நாள் எப்படியிருக்கும் என்று அனுபவித்து அறிந்தவர் அல்லவா? இதை வாசித்தபோது எனக்கு அந்த லீவு விண்ணப்பத்தின் வெற்றுக் கட்டம் ஞாபகம் வந்தது.

ஆராய்ச்சியாளரும் இதையொட்டிய ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான காவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை, எமி வெர்னர் என்ற அம்மையாரும் உடன் ஊழியரும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சீர்குலைவு என்று பல பாரங்களோடு வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தேறினார்கள். அவர்களுக்குப் பெற்றோர் அல்லாவிட்டாலும், பாட்டியோ ஆசிரியையோ அயலகத்தாரோ, மாறாத ஒருவராவது இருந்தார். வாலிபத்தில் தடுமாறியவர்களிலும் அநேகர் முப்பது வயதுக்கு மேல் நிமிர்ந்தார்கள். ஆகையால் பதினெட்டில் கணக்கை முடித்துவிடுவது மகா தவறு.

நமது நாட்டிலும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டுச் செல்கிறவர்களுக்குப் பண உதவி உண்டென்று சொல்கிறது. 2022இல் வெளியான மிஷன் வாத்சல்யா நெறிமுறைகளில் மாதம் 4,000 ரூபாய் குறிக்கப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைகளை அறிந்தவர்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரித்துக் கொடுங்கள். பணம் அவசியம். ஆனால் காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைக்கவும், மாப்பிள்ளை வீட்டார் வந்தால் உட்கார்ந்து பேசவும் அரசாங்கம் வருமா?

என் மாணவியின் கதையில் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது. பயிற்சி முடிந்து வேறொரு ஊரில் வேலைக்குச் சேர்ந்தாள். திருமணமும் ஆயிற்று. ஒருநாள் இன்லேண்டு கடிதம் வந்தது. தலைப்பிரசவத்துக்கு எல்லாரும் தாய்வீட்டுக்குப் போகிறார்களே, மாமியார் கேட்கிறார்கள், நான் என்ன சொல்லட்டும் மிஸ் என்று எழுதியிருந்தாள். நானும் என் தாயாரும் போய் அவளை அழைத்து வந்தோம். மாமியாரிடம் என் தாயார், "எங்கள் பிள்ளையை அழைத்துப் போக வந்திருக்கிறோம்" என்றார்கள். தான் பயிற்சி பெற்ற அதே பிரசவ வார்டில், இந்த மருத்துவமனையில், அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தட்டு ஏந்தி நின்ற சிஸ்டர் அவளுடன் படித்தவள்தான்.

இப்பொழுது நமது பள்ளியில் இல்லங்களிலிருந்து வந்த மாணவிகள் நால்வர் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்களை இங்கே சொல்லமாட்டேன். பரிதாபமாய்ப் பார்ப்பதை அவர்கள் விரும்புவதில்லை. வருகிற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஒருத்தியை உங்கள் வீட்டுக்கு அழைக்க மனதுள்ளவர்கள், குடும்பமாக வந்து முதலாவது வார்டனைப் பார்த்துப் பேசுங்கள். அவர் உங்களை நன்றாய் விசாரிப்பார், கோபித்துக்கொள்ளாதிருங்கள். ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். வெளியே மேசையின்மேல் ஒரு நோட்டு வைக்கப்பட்டிருக்கிறது. தேநீருக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது.