பொருட்காட்சிக்குப் பூவும் தொட்டியும் அனுப்புதல்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வருகிற தை மாதத்தில் பெரம்பலூரில் கூடவிருக்கும் நமது ஆண்டுக் கூட்டத்தை ஒட்டிப் புஷ்பக் காட்சியொன்றும் வைப்பதெனக் காரியக் கமிட்டியார் தீர்மானித்திருக்கின்றனர். அது குறித்துச் சில வார்த்தைகள் பேசும்படி நம்மைப் பணித்தமையால் உங்கள் முன் நிற்கின்றோம்.

“பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் கரிசலில், சிமிட்டிக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் அரியலூர்ப் பூமியில், பூவுக்கு ஒரு காட்சியா? அது உதகைக்காரர் வேடிக்கை” என்று சிலர் நகைத்தது நம் செவியில் விழுந்தது. உதகமண்டலத்துத் தாவரத் தோட்டம் 1848இல் ஏற்பட்டது. அங்கு மலர்க்காட்சி 1896இல் தொடங்கி, 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் 125ஆம் முறையாக நடந்தேறிற்று. அது குளிர்ந்த பூமி. நாம் அதனோடு போட்டியிட வரவில்லை. ஆனால் வெயிலுக்குப் பேர்போன சென்னையிலும், 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கலைவாணர் அரங்கில் அரசினர் மலர்க்காட்சி நடத்தி, ஜனங்கள் திரள் திரளாய்ச் சென்று கண்டனர்.

அதுவும் போகட்டும். மாசி மாதக் கடை ஞாயிறன்று சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்குகையில், நம்மூர்ப் பெண்டிர் தட்டுத் தட்டாய்ப் பூவை நிரப்பித் தலைமேற் சுமந்து செல்லுகிறார்களே, அதைவிடப் பெரிய பூங்காட்சி எது? எந்தப் பூவை அடியில் வைப்பது, எதை விளிம்பில் அடுக்குவது, மருக்கொழுந்தை எங்கே இடையிடுவது என்பதெல்லாம் அவர்கள் கைக்குத் தெரியும். தெரியாதது ஒன்றே: போட்டியின் விதி. அதைத்தான் நாம் சொல்ல வந்தோம்.

விதியை முன்வைத்து ஒரு சம்பவம். அரியலூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் நம் உறவினரான அம்மையார் ஒருவர் இருக்கின்றார். முப்பது வயதிற் கணவரை இழந்தவர். அன்று முதல் தலையிற் பூ வைத்ததில்லை. சுபகாரியத்திற் பூத்தட்டைத் தொடவும் விட்டதில்லை நம் வழக்கம். ஆயினும் அவர் கொல்லையில் பூக்கும் கோழிக்கொண்டையைப் போல் நாம் வேறெங்கும் கண்டிலோம். பட்டுத் துணியை மடித்து வைத்தாற்போன்ற கொண்டைகள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாலுகாப் பொருட்காட்சிக்கு அவருடைய தம்பி மகன் அவற்றைக் கொண்டுபோனான். “மூன்று தண்டுகள்” என்பது விதி. அதிகமிருந்தால் அழகென்று எண்ணி அவன் ஐந்து வைத்தான். நடுவர்கள் பூவைப் பார்க்கவேயில்லை. எண்ணிப் பார்த்து ஒதுக்கிவிட்டார்கள். இங்கிலாந்திலும் கிராமக் காட்சிகளில் இதே கண்டிப்பு. எத்தனை அருமையான பூவாயினும், எண்ணிக்கை தவறினால் விதிப்படி இல்லையென்று சீட்டு வைத்துவிடுவார்கள். ஆகையால் நடுவர்களை நாம் குறை கூறோம். நம்மை வருத்தியது வேறு. பூவின் அருகிலிருந்த சீட்டில் அம்மையார் பெயர் இல்லை. பையன் பெயர் இருந்தது. ஏன் அம்மா என்று கேட்டோம். “நான் வைத்துக்கொள்ளாத பூவுக்கு என் பேர் எதற்கு, தம்பி?” என்றார். நமக்கு மறுமொழி எழவில்லை.

இனிக் காரியத்திற்கு வருவோம். தையில் மல்லிகை அரிது. கிடைத்தாலும் காட்சிக்கு உதவாது. மாலையில் மலர்ந்து மறுநாட் காலையிற் பழுக்கும் பூவை நடுவர் வருமளவும் காப்பது யாரால் ஆகும்? செவ்வந்தியோ பகல் குறுகினாலன்றி அரும்பெடாத சாதி. ஆதலால் மார்கழியும் தையும் அதற்கே உரியவை. கேந்தி, கோழிக்கொண்டை, வாடாமல்லி இவை நம் வறண்ட காட்டுக்கு ஏற்றவை. செங்காந்தளை வேலியிற் கண்டு பறிக்க நினைப்போர், அதன் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சென்பதை மறவாது, குழந்தைகள் கைக்கு எட்டாதபடி செய்க. அதன் பருவமும் ஐப்பசியோடு ஏறக்குறைய முடிந்துவிடும்.

பூவை விடியுமுன் கொய்து, அக்கணமே நீரில் நிறுத்தல் வேண்டும். பிறகு தண்டின் அடியை நீருக்குள்ளேயே சாய்வாக மறுபடி நறுக்குக. வெளியில் நறுக்கினால் காற்று புகுந்து நீரேறும் வழியை அடைக்கும். நீரில் மூழ்கும் இலைகளை உருவிவிடுக; அழுகி நீரைக் கெடுப்பவை அவையே. ரோஜாவைப் பாதி விரிந்த பதத்திலும், செவ்வந்தியை நன்கு விரிந்த பின்னும் கொய்க. வாழைப்பழக் கூடைக்கு அருகே மட்டும் வைக்கற்க. பழுக்கும் பழத்தினின்றெழும் வாயு பூவை விரைவில் வாடச் செய்யும்.

தொட்டிச் செடிகளுக்கு நம் ஜில்லாக்களில் வரும் கேடு பெரும்பாலும் கிணற்று நீரால் வருவது. சுண்ணாம்பு மிகுந்த அந்நீர் குரோட்டன்ஸ் இலையில் வெண்திட்டாய்ப் படியும். நாளடைவில் மண்ணிலுள்ள இரும்புச்சத்தை வேர் ஏற்க மாட்டாதபடி செய்து, நரம்பு மட்டும் பச்சையாய் நிற்க இளந்தளிரை மஞ்சளிக்கச் செய்யும். உரம் போதவில்லையென்று பலர் எருவைக் கொட்டுகிறார்கள்; வீண். ஐப்பசி, கார்த்திகை மழைநீரைப் பிடித்து வைத்துச் செடிக்கு வார்ப்பதும், ஈரத்துணியால் இலையைத் துடைப்பதும் போதும். நேற்று நாற்றங்காலில் வாங்கிய தொட்டியை இன்று கொண்டுவந்து வைப்பவர் வேண்டா. மூன்று மாதமாவது தம் வீட்டில் வளர்த்ததாயிருக்கவேண்டும் என்று விதியிற் சேர்த்திருக்கிறோம்.

இடையே ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாய்க் கிடக்கும் மரத்தைப் பலரும் கண்டிருப்பீர்கள். 1940இல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதனை உலகுக்கு அறிவித்தார். சுமார் 12 கோடி ஆண்டுகட்கு முந்திய அம்மரம் பூக்காத ஊசியிலை வர்க்கம்; பூக்கும் தாவரங்கள் உலகில் மேலோங்குமுன் வாழ்ந்தது. பள்ளிப் பிள்ளைகள் அதன் படத்தை எழுதிப் பூக்களுக்கருகே வைக்கலாம்.

விண்ணப்பச் சீட்டில் “வளர்த்தவர் பெயர்” என்று ஒரு கலம் நமது வேண்டுகோளின்மேல் சேர்க்கப்பட்டுள்ளது. கொண்டுவருபவர் பெயர் அதன்கீழ்ச் சிறிதாய் இருக்கும். கமிட்டியில் இதற்கு ஆட்சேபம் எழாமலில்லை. “சுமங்கலிகள் வரும் இடம்” என்றார் ஒருவர். அவருக்குப் பெரியவர் ஒருவர் திருப்பிக் கேட்டது இதுவே: “அந்தக் கொல்லைப் பூவைத்தானே ஐயா, போன வருஷம் உம் மகள் கல்யாணப் பந்தலுக்கு வாங்கினீர்?” கலம் நிறைவேறிற்று.

பெயர் கொடுப்போர் கார்த்திகை முடிவதற்குள் காரியதரிசியிடம் கொடுத்துவிடுக. கோழிக்கொண்டை விதைத்துப் பூக்க இரண்டு மாதத்திற்கு மேலாகும். ஆகையால் விதைப்போர் இந்த ஐப்பசியைத் தவறவிடற்க. மேற்சொன்ன அம்மையார் முன்னமே விதைத்துவிட்டாராம். சீட்டைத் தாமே நிரப்புவதாகச் சொல்லியனுப்பியிருக்கின்றார். தண்டு மூன்றுதானா என்று இருமுறை கேட்டும் அனுப்பினார்.