தட்பவெப்பத் தொழிலும் அனுமதிப்பத்திரமும்

வெயிலுக்கு நிழலும் குளிருக்கு நெருப்பும் தேடி அலைந்த மனிதன், இன்று தான் இருக்கும் அறையின் தட்பவெப்பத்தைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்கின்றான். இவ்வசதியை வீடுதோறும் கொண்டு சேர்ப்பது ஐக்கிய அமெரிக்காவில் ஒரு பெருந்தொழில். எனினும் கையில் கருவியும் மனத்தில் துணிவும் உடைய எவரும் அங்கே நினைத்தவுடன் இத்தொழிலைத் தொடங்கிவிட முடியாது. அனுமதிப்பத்திரமும் தகுதிச் சான்றிதழும் முன்னதாகவே பெறப்படல் வேண்டும். இக்கட்டுப்பாடு எதற்கு என்னும் வினாவுக்கு இரண்டு வரலாறுகள் விடை பகர்கின்றன.

முதலாவது, வெப்பத்தின் வரலாறு. ரெக்சாஸ் மாநிலத்தின் கிழக்கே நியூ லண்டன் என்றோர் ஊர் உண்டு. அங்கிருந்த பாடசாலையில் அறைகளுக்கு வெப்பமூட்ட எரிவாயு பயன்பட்டது. செலவைக் குறைக்கக் கருதி, எண்ணெய் வயலிற் கழிவாகக் கிடைத்த வாயுவைக் குழாய் வழியே பாடசாலைக்குத் திருப்பினர். நிறமும் மணமும் அற்ற அவ்வாயு கசிந்து கட்டடத்தின் அடியில் நிறைந்ததை ஒருவரும் அறியவில்லை. 1937ஆம் ஆண்டு மார்ச் 18ஆந் திகதி, மின்கருவி ஒன்றிற் பிறந்த பொறி அதனைப் பற்றவைத்தது. ஏறத்தாழ 300 மாணவரும் ஆசிரியரும் மாண்டனர். எரிவாயுவுக்கு மணமூட்ட வேண்டுமென்ற விதியும், பொறியியலாளர் பதிவு பெறவேண்டுமென்ற சட்டமும் அம்மாநிலத்தில் அதே ஆண்டிற் பிறந்தன.

இரண்டாவது, குளிரின் வரலாறு. தொடக்கத்திற் குளிரூட்டும் பொறிகளில் அமோனியா முதலிய நச்சு வாயுக்கள் பயன்பட்டன. 1928ஆம் ஆண்டளவில் தோமஸ் மிட்ஜ்லி என்பாரும் அவர் துணைவரும் நஞ்சற்ற குளோரோபுளோரோகாபனை இதற்குக் கண்டனர். ஆனால், அது வான்மேற் சென்று ஓசோன் படையை அழிக்கும் என்பதை 1974ஆம் ஆண்டில் மொலினா, றோலண்ட் என்னும் அறிஞர் எடுத்துரைத்தனர். அதன் பயனாக 1987ஆம் ஆண்டில் மொன்றியல் உடன்படிக்கை உருவாயிற்று. இலங்கையும் 1989ஆம் ஆண்டில் அதில் இணைந்தது.

இவ்வழியே வந்ததுதான் அமெரிக்க மத்திய அரசின் சான்றிதழ். குளிரூட்டும் வாயுவை வேண்டுமென்றே வெளியில் விடுதல் 1992 ஜூலை முதல் தடைசெய்யப்பட்டது. 1994 நவம்பர் முதல், வாயுவைக் கையாளும் ஒவ்வொரு தொழில்நுட்பவியலாளரும் பரீட்சையில் தேறவேண்டியவராயினர். 5 இறாத்தலும் அதற்குக் குறைந்த வாயுவும் கொண்ட சிறு பெட்டிகள் முதல் வகை. உயர் அழுத்தப் பொறிகள் இரண்டாம் வகை. தாழ் அழுத்தப் பொறிகள் மூன்றாம் வகை. மூன்றிலும் தேறியவர் அனைத்துக்குமுரிய சான்றிதழ் பெறுவர். ஒருமுறை பெற்ற இச்சான்றிதழ் காலாவதியாவதில்லை.

ஆயினும் இது வாயுவைத் தொடுவதற்கான தகுதியே. தொழில் நடத்துவதற்கான உரிமை அன்று. அவ்வுரிமையை வழங்குவது மாநிலம். சில இடங்களில் நகரசபை. ரெக்சாஸ் மாநிலத்தில் ஒப்பந்தகாரராக விரும்புபவர், விண்ணப்பத்திற்கு முந்திய 72 மாதங்களுள் 48 மாதங்களேனும் அனுமதிப்பத்திரம் பெற்ற ஒருவரின் கீழ் வேலை பழகியிருத்தல் வேண்டும். பின் பரீட்சையிலும் தேற வேண்டும். அனுமதிப்பத்திரம் இரு வகுப்பினது. முதல் வகுப்பினர்க்கு அளவு வரம்பில்லை. இரண்டாம் வகுப்பினர் 25 தொன்னுக்கு மேற்பட்ட குளிரூட்டும் பொறியில் வேலை செய்யலாகாது. இங்கே தொன் என்பது பொறியின் எடையன்று. ஒரு தொன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகுகையில் உட்கொள்ளும் வெப்பத்தின் அளவாகும்.

காப்புறுதியும் கட்டாயம். ஒரு விபத்துக்கு முதல் வகுப்பினர் 3 இலட்சம் டொலரும், இரண்டாம் வகுப்பினர் 1 இலட்சம் டொலரும் ஈடுசெய்யும் காப்புறுதி வைத்திருத்தல் வேண்டும். வாகனத்தின் இரு பக்கங்களிலும் அனுமதிப்பத்திர இலக்கம் தெரிய எழுதப்படும். ஆண்டுதோறும் புதுப்பிக்குமுன் 8 மணி நேரம் பாடம் கேட்கவும் வேண்டும்.

புதிதாகத் தொழில் தொடங்கும் ஏழைத் தொழிலாளிக்கு இவை பெருஞ்சுமை என்பாரும் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. நான்கு ஆண்டு பிறரிடம் உழைப்பதும் காப்புறுதிப் பணம் கட்டுவதும் எளியவர்க்கு எளிதல்ல. ஆனால் வீட்டுக்காரர் நிலையையும் எண்ணிப்பார்த்தல் தகும். வெப்பமூட்டும் அடுப்பிற் பழுது நேரின், காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு அறையில் நிறையலாம். அதற்கும் நிறமில்லை, மணமில்லை. உறங்குபவர் அதனை அறியார். சுவருக்குள்ளே செய்த வேலையின் நன்மை தீமையை அவர் சோதித்தறிய இயலாது. செய்தவரை நம்புவதன்றி அவருக்கு வேறு வழியில்லை.

அந்த நம்பிக்கைக்கு ஊரார் சார்பில் அரசு வைக்கும் சாட்சியே அனுமதிப்பத்திரம். அது வேலைக்காரரின் திறமைக்கு முழு உறுதியாகாது. கற்றார், பழகினார், தவறினால் பதில் கூறக் கடமைப்பட்டார் என்பதற்கு மட்டுமே சான்று. நியூ லண்டன் பாடசாலையில் வாயுவை மிச்சவழியில் இணைத்தவர்கள் கொடியவர்களல்லர். சிறிது சிக்கனத்தையே கருதினர். அவர்களைத் தடுத்துக் கேட்பதற்கு அன்று ஒரு விதியும் இருக்கவில்லை.